வட்டிக்கு வாங்கி ஊரைக் கூட்டணுமா?

"அக்கா, எனக்கு 27 வயசு. ஊர் கும்பகோணம் பக்கம். அப்பா இறந்து ஆறு வருஷமாச்சு. அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை, நகையும் இருப்பது போதும். கையில் 4 லட்சம் இருக்கு. முந்தின நாள் ரிசப்ஷன், மறுநாள் மண்டபத்தில் முகூர்த்தம், 500 பேர் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். அதற்கு 3 லட்சம் வட்டிக்கு வாங்கப் பார்க்கிறார். எனக்குக் கடன் வேண்டாம். ஆனால் கல்யாணம் அழகா இருக்கணும்னு ஆசையும் இருக்கு. என்ன செய்யட்டும்?"
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

தங்கச்சி, முதலில் அந்த 3 லட்சத்தைப் பேசிவிடுவோம். இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். ஒரு ஜாக்கெட்டுக்குத் தையல் கூலி 150 என்று வைத்தாலும் வட்டிக்கு மட்டுமே மாதம் நாற்பது ஜாக்கெட், அதுவும் நீ புகுந்த வீட்டுக்குப் போன பிறகு அம்மா தனியாக உட்கார்ந்து தைக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடு. மொய் வருமே என்பார். வரும்தான், ஆனால் அதுவும் நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது, அதை நம்பிச் செலவை ஏற்றக் கூடாது.

கல்யாணத்தில் காசு கரையும் இடம் இலைதான். ராத்திரி 400, காலை டிபன் 250, மதியம் 450 என்றால் 1,100 இலை; சராசரியாக இலைக்கு 180 என்று போட்டாலே 1,98,000, அதாவது உன் கையிருப்பில் பாதி. ரிசப்ஷனை எடுத்துவிடு. ராத்திரிச் சாப்பாடு, லைட், மேடை, இரண்டாவது புடவை எல்லாம் அதோடு போய்விடும். காலையில் கோவிலில் தாலி கட்டு, நெருங்கின சொந்தம் 250 பேருக்கு டிபனும் மதியச் சாப்பாடும் போடு, ஆனால் அந்தச் சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதே. நல்ல வத்தக்குழம்பு, சூடான பாயசம், கேட்டுக் கேட்டுப் பரிமாற நாலு பேர் இருந்தால் அதைத்தான் வந்தவர்கள் வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

கோவில் உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பிலியப்பன் கோவிலில் எத்தனை கல்யாணம் நடக்கிறது! என் மகள் சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று மார்க்கண்டேயர் தயங்க, உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று பெருமாள் அவளைக் கட்டிக்கொண்ட தலம், இன்றைக்கும் நைவேத்தியத்தில் உப்புக் கிடையாது. அம்மாவுக்கு மண்டபம் இல்லையே என்று குறையாக இருந்தால் இந்தக் கதையைச் சொல். கட்டணம் என்ன, என்னென்ன தாள் வேண்டும் என்று கோவில் அலுவலகத்தில் இப்போதே விசாரி, தை முகூர்த்தம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

சாப்பாட்டுக்குச் சின்ன ஹால் பிடிக்கும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதே. என் தம்பி கல்யாணத்தில் 60,000 என்று பேசி முன்பணம் கொடுத்தோம்; கிளம்பும்போது கரண்டு, ஜெனரேட்டர் டீசல், கேஸ், குப்பை அள்ளும் கூலி என்று இன்னொரு 23,000-க்குப் பில் வந்தது. வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அப்பா படிக்கட்டு ஓரமாக நின்று மொய்க் கவர்களைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்கு.

அப்புறம் பூ. தையில் பனியால் மல்லி விளைச்சல் குறைந்துவிடும், முகூர்த்த நாள் வேறு, விலை கிலோ ஆயிரக்கணக்கில் போகும். மல்லியை உன் தலைக்கு மட்டும் வைத்துக்கொள். வாசலுக்குக் குலையோடு இரண்டு வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை. உள்ளே செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் போதும். உதிரிப் பூவாக வாங்கி முந்தின நாள் சாயங்காலம் அத்தை, சித்தி எல்லாரையும் வீட்டில் உட்காரவை. வாழைநாரை நனைத்து மடியில் போட்டுக்கொண்டு, அவர்கள் பேசிக்கொண்டே கட்டுவார்கள், வீடு முழுக்க மரிக்கொழுந்து வாசனை அடிக்கும். ரிசப்ஷன் போச்சே என்று நீ வருத்தப்பட மாட்டாய். போட்டோக்காரரை அந்தச் சாயங்காலமே ஒரு மணி நேரம் வந்து எடுக்கச் சொல்லிவிடு.

புடவைக்குத் திருபுவனம் போ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே பட்டு வாங்கலாம். ஒன்று போதும், நல்லதாக. பத்திரிகையைக் குறைவாக அடி, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஆனால் இரண்டு பத்திரிகையைப் பத்திரமாக எடுத்து வை. கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும்போது தேவைப்படும்.

கூப்பிடாமல் விட்டவர்கள் வீட்டுக்குக் கல்யாணம் முடிந்ததும் நீங்கள் இருவரும் வெற்றிலை பாக்கு, இனிப்போடு ஒரு நடை போய் வாருங்கள். அம்மாவின் பயமே, நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான், அது இதில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. முகூர்த்த ஜாக்கெட்டை ஆரி வேலைக்கு என்று வெளியே கொடுத்து ஆயிரக்கணக்கில் செலவழிக்காதே. அளவு நாடாவை எடுத்து அம்மா கையில் கொடுத்து, நீயே தைத்துக் கொடும்மா என்று கேள். மற்றக் கணக்கையெல்லாம் அவர் அளவெடுக்கும்போது மெதுவாகப் பேசு.