வீட்டுக்கு மூன்று முதலாளிகள், மேஸ்திரி யார் பேச்சைக் கேட்பார்?

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் 1,100 சதுரடியில் வீடு கட்டுகிறோம். பொருளோடு சேர்த்து ஓர் இன்ஜினியரிடம் மொத்த காண்ட்ராக்ட். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், கணவர் பெங்களூரில், சனி ஞாயிறுதான் வருவார். சமையலறை ஜன்னலைக் கிழக்குச் சுவருக்கு மாற்றச் சொன்னேன், இன்ஜினியரும் சரி என்றார். போய்ப் பார்த்தால் பழைய பிளான்படி வடக்கிலேயே இடம் விட்டுச் சுவர் ஏறியிருக்கிறது. கேட்டால் மேஸ்திரி, "பெரியவரு வேணாம்னு சொன்னாருங்க" என்கிறார். பெரியவர் என் மாமனார். இன்ஜினியர் போனையே எடுப்பதில்லை, எடுத்தாலும் "பாத்துக்கலாம்மா"தான். ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட் இன்னும் போடவில்லை. அடுத்த தவணையை நிறுத்தினால்தான் வழிக்கு வருவாரா?

பதில்: நிறுத்தாதீர்கள், அதுவும் இந்தச் சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். நம் பக்கம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைதான் கூலி நாள். நீங்கள் இன்ஜினியர் மேல் உள்ள கோபத்தில் பணத்தை இழுத்தடித்தால் அவர் மேஸ்திரியை இழுத்தடிப்பார், திங்கட்கிழமை காலையில் உங்கள் ஆட்கள் போச்சம்பள்ளியில் வேறு யார் வீட்டுச் சுவரையோ கட்டிக்கொண்டிருப்பார்கள். லிண்டல் மட்டம் முடிந்ததும் இவ்வளவு என்று பேசியிருந்தால், முடிந்ததும் கொடுங்கள், முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். கடைசித் தவணையை மட்டும் சில்லறை வேலைகள் எல்லாம் தீரும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். கடிதத்தில் இன்ஜினியரைப் பற்றித்தான் புகார், ஆனால் எனக்குத் தெரிவது உங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் பேசுகிறீர்கள் என்பதுதான். காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெரியவர் ஒன்று சொல்கிறார், சாயந்திரம் பள்ளி விட்டு வந்து நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், நடுவில் பெங்களூரிலிருந்து வீடியோ காலில் உங்கள் கணவர் (எழுதவில்லை, ஆனாலும் தெரியும்!). மேஸ்திரி என்ன செய்வார், நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் பேச்சைத்தான் கேட்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதனால் முதல் பேச்சு உங்கள் வீட்டுக்குள்தான். நீங்களோ கணவரோ, ஒருவர்தான் இன்ஜினியரிடம் சொல்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மேஸ்திரியிடம் நேராக எதையும் மாற்றச் சொல்லாதீர்கள், அவசரமாக இருந்தாலும் சரி. பிளானை மாற்றிக் கட்டும் பொறுப்பு அவருடையது இல்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் இன்ஜினியர் "நான் சொல்லலையே" என்று கையை விரித்துவிடுவார்.

அப்புறம் அந்த "பாத்துக்கலாம்மா". என் அனுபவத்தில் அதற்கு அர்த்தம், "இந்த போனை வைத்ததும் மறந்துவிடுவேன்." பர்கூரில் ஒரு சைட், கிருஷ்ணகிரியில் இரண்டு என்று ஓடுகிற மனுஷன், கான்கிரீட் ஓடும் நேரத்தில் போன் அடித்தால் எடுக்கவே மாட்டார். வேலை தொடங்குவதற்கு முன்னால் காலை எட்டு மணிக்குள் கூப்பிடுங்கள். பேசி முடித்ததும் பேசியதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவர் 'சரி' என்று போடும்வரை விடாதீர்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், மூன்று மாதம் கழித்து அதைத் தேடி எடுக்க முடியாது. சைட்டிலும் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு இருக்கட்டும். கணவர் வரும் சனிக்கிழமை சாயந்திரம் இன்ஜினியரை வரச் சொல்லி, அடுத்த வாரம் என்ன வேலை, நாம் என்ன முடிவு சொல்ல வேண்டும், எந்த மாற்றத்துக்கு எவ்வளவு கூடுதல் பணம் என்று அதில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கூடுதல் பணத்தை முன்னாலேயே கேட்காதவர்கள்தான் கடைசி பில்லைப் பார்த்து மயங்கி விழுகிறார்கள்.

தர்மபுரியில் எங்கள் வீட்டுக்கு ரூஃப் போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். நாங்கள் விடுவோம் என்று காண்ட்ராக்டர் நினைத்தார், அவருடைய ஆள் வருவான் என்று நாங்கள் நினைத்தோம். சித்திரை வெயிலில் ஞாயிறு முழுக்கத் தளம் காய்ந்து கிடந்தது, திங்கட்கிழமை ஏறிப் பார்த்தால் நூல் நூலாக விரிசல். சாதாரண சிமெண்டுக்கே குறைந்தது 7 நாள், பி.பி.சி. மாதிரி கலப்பு சிமெண்டுக்கும் காய்கிற வெயிலுக்கும் 10 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மோட்டாரை யார் போடுவது என்பதைத்தான் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை மாமனாரிடமே கொடுங்கள். எப்படியும் சைட்டில்தான் இருக்கப்போகிறார், எம்-சாண்ட் லோடு வந்தால் நேரத்தைக் குறித்து வைப்பதும் அவர் வேலை என்றால் ஜன்னல் பக்கம் போக நேரமிருக்காது.

ஜன்னலுக்கு வருவோம். லிண்டல் போடாதவரை பெரிய நஷ்டமில்லை, லிண்டலும் சன்ஷேடும் வந்தபின் உடைப்பதுதான் வலிக்கும். "சமையலறை ஜன்னல் கிழக்குச் சுவரில், அகலம் 4 அடி, உயரம் 3½ அடி, அடிமட்டம் தரையிலிருந்து 3½ அடி. வடக்குத் திறப்பை அடைக்க வேண்டும். கூடுதலாக எவ்வளவு ஆகும்?" என்று எழுதி, சுவரைப் போட்டோ எடுத்து, இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்புங்கள். அளவு உங்கள் வசதிக்கு மாறலாம், ஆனால் அளவில்லாமல் அனுப்பாதீர்கள். லிண்டலுக்குப் பலகை அடிப்பதற்கு முன்னால் நீங்களே டேப்போடு போய் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஆனால் அதை அனுப்புவதற்கு முன்னால், பெரியவர் ஏன் வேண்டாம் என்றார்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கேட்கவே இல்லை போலிருக்கிறது. கிழக்கே பக்கத்து நிலத்தில் மாட்டுக்கொட்டகை வரப்போவது அவருக்குத் தெரிந்திருக்கலாம், எல்லைக்கல் தகராறு ஏதாவது இருக்கலாம். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது கேளுங்கள். கேட்டபிறகும் கிழக்குதான் வேண்டும் என்று தோன்றினால் மாற்றுங்கள், அதை மாமாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மேஸ்திரி சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம்.