சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போவது?

கேள்வி: என் கணவருக்கு 39 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். பத்து வருடக் குடி. போன மாதம் மறுவாழ்வு மையத்தில் 21 நாள் இருந்துவிட்டு வந்தார். இப்போது குடிப்பதில்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் நேரம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ‘ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்’ என்று மையத்தில் சொன்னார்கள். அது எங்கே நடக்கிறது, எவ்வளவு பணம் கேட்பார்கள் என்று தெரியவில்லை. யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்கிறார் அவர். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கிற மருந்து இருக்கிறதாம். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொடுக்காதீர்கள். அப்படி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்து அதில் இருந்தால், அவர் கொஞ்சம் குடித்தாலும் மதுவிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடம்பில் தேங்கிவிடும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். மருத்துவர்களான நாங்களும் அந்த மருந்தைக் கொடுக்கிறோம். ஆனால் பரிசோதனை செய்து, எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகுதான். அப்புறம், தெரியாமல் கலந்தது ஒரு நாள் தெரிந்துவிட்டால், உங்கள் கையால் சாப்பிடவே அவர் பயப்படுவார்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடியை விட குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அமைப்பு. 1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைகூடாத ஒருவர் ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நின்றிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். பக்கத்திலேயே மதுக்கூடம். குடித்துவிடுவோமோ என்று பயந்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேவாலயப் பட்டியலைப் பார்த்துப் போன் செய்தார். அவர் பில் வில்சன். மறுநாள் அவருக்குக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இந்த இருவரிடமிருந்துதான் ஏ.ஏ. பிறந்தது. அவர் போன் செய்த நாளும் ஒரு சனிக்கிழமைதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் இருந்த மறுவாழ்வு மையத்துக்கே போன் செய்து, அங்கே வந்து பேசிய ஏ.ஏ. உறுப்பினர் ஒருவரின் எண் கிடைக்குமா என்று கேளுங்கள். இதுதான் மிகச் சுலபமான வழி. இல்லையென்றால் 14446 என்ற கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாக விவரம் உண்டு. தேவாலய வளாகம், பள்ளிக்கூட வகுப்பறை, மருத்துவமனை அறை என்று இடம் கிடைக்கிற பக்கம் நடத்துவார்கள். தேவாலயத்தில் நடப்பதால் மதமாற்றமோ என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் பத்து இருபது போடுவார்கள். போடாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கி, ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள். முதல் நாள் அவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். யாராவது பார்த்துவிட்டால் என்கிறாரே, அங்கே பார்க்கிறவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தான். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்வதில்லை என்பது அவர்கள் கட்டிக்காக்கும் வழக்கம். அப்படியும் கூச்சம் போகாவிட்டால், ஆரம்பத்தில் கோவைப் பக்கம் ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் போகட்டும்.

‘திறந்த கூட்டம்’ என்று கேட்டுக்கொண்டால் நீங்களும் கூடப் போகலாம். மற்றவை குடிநோயாளிகளுக்கு மட்டும். நான் சில திறந்த கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கை நடுக்கத்தில் டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்த காலத்தை ஒருவர் சொல்ல, எதிரே புதிதாக வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை என்னுடைய மருந்துச் சீட்டு எதுவும் வரவழைத்ததில்லை. ஒரே கூட்டத்துக்குப் போய்விட்டு ‘எனக்குச் சரிப்படாது’ என்றால் விட்டுவிடாதீர்கள். நாலைந்து கூட்டம் பார்க்கட்டும், வேறு குழுவும் பார்க்கட்டும். முடிந்தால் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிற கூட்டமாகத் தேடுங்கள். சம்பளக் கவரை உங்களிடம் கொடுத்துவிட்டு, கம்பெனி வாசலிலிருந்து நேராக அங்கே போகட்டும். முதல் தடவை ஓர் உறுப்பினரே வந்து கூட்டிப்போவதும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று இல்லை. மையத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒருவேளை மறுபடியும் தினமும் குடிக்கும் நிலை வந்தால், வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் குழப்பமும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். அப்படியானால் உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு தடவை வழுக்கினால் அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போகட்டும். யாரும் அவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

கடிதம் முழுக்க அவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமைதோறும் வயிற்றைக் கலக்குவது உங்களுக்குத்தானே? குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் நடக்கிறது. அவர் ஏ.ஏ.க்கு வரமாட்டேன் என்றாலும் நீங்கள் அங்கே போகலாம். போன் செய்யும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள், அம்மா.