காது, கண்ணாடி, கோலி சோடா

விமானப்படையில் மருத்துவ உதவியாளனாக இருந்தவன் நான். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வில் இருக்கிறேன். விமானப் பயணமும் உடம்பும் பற்றிக் கேளுங்கள்.

நெல்லிக்குப்பம்: விமானம் இறங்கும்போது காது வலிப்பது ஏன் சார்?
ஏறும்போது நடுக்காதின் காற்று தானே வெளியேறிவிடும். இறங்கும்போது திரும்ப உள்ளே வர வேண்டும். தொண்டையிலிருந்து போகும் குழாய் லேசில் திறக்காது. எச்சில் விழுங்குங்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். சளி பிடித்திருந்தால் ஏறவே ஏறாதீர்கள்.

நெய்வேலி: கண்ணாடி போட்டவர் பைலட் ஆகலாமா?
பயணிகள் விமானத்துக்கு ஆகலாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை: ஆக்சிஜன் முகமூடியைப் பிள்ளைக்கு முன்னால் நமக்கு மாட்டச் சொல்கிறார்களே, நியாயமா?
35,000 அடியில் காற்றழுத்தம் போனால் உங்களுக்குச் சுயபுத்தி இருப்பது 30 முதல் 60 நொடி. அதற்குள் பிள்ளையோடு மல்லுக்கட்டினால் இருவருக்கும் ஆபத்து. 1875-இல் பிரான்சில் 'செனித்' பலூனில் மூன்று பேர் ஆக்சிஜனோடுதான் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். அவர்களில் ஒருவரான டிசாந்தியே ஆக்சிஜன் குழாயை எடுக்க நினைத்தார், கை எழும்பவில்லை. அவர் பிழைத்தார், மற்ற இருவரும் இறந்தார்கள். கொடுமை என்னவென்றால், மூச்சு முட்டுவதே தெரியாது, உற்சாகமாகக்கூட இருக்கும். காற்றழுத்தம் குறைத்த பயிற்சி அறையில் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போடச் சொல்வோம். தாளில் வெறும் கிறுக்கல்; கேட்டால் "சரியாத்தான் போட்டேன்" என்பார்கள்.

லாசுப்பேட்டை: புதுச்சேரியில் காலையில் சிலிண்டர் மாட்டிக் கடலில் முங்கும் ஸ்கூபா, ராத்திரி சென்னையில் விமானம். போகலாமா?
கூடாது. ஒருமுறை முங்கினால் 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், கோலி சோடாவைத் திறந்தது போல் குமிழியாகக் கிளம்பும். விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு, கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பதுபோல.

தேவனாம்பட்டினம்: என் மச்சான் அன்றைக்கே பறந்தான் அண்ணே, ஒன்றும் ஆகவில்லையே!
ஹெல்மெட் இல்லாமல் போனவர்கள் எல்லாருமா விழுகிறார்கள்?

அவரே: மூச்சடக்கிச் சங்கு எடுப்பவர்களுக்கு வராதது இவர்களுக்கு மட்டும் வருமா?
நல்ல கேள்வி. அவர்கள் கொண்டுபோவது ஒரே ஒரு மூச்சு. சிலிண்டர்க்காரர் அடியில் இழுப்பதெல்லாம் அழுத்தக் காற்று. ஓயாமல் ஆழத்தில் முங்கினால் சங்கு எடுப்பவருக்கும் வரும்.

பண்ருட்டி: மைனஸ் 2 பவர், பைலட் ஆகலாமா?
நெய்வேலிக்குச் சொன்னதுதான்.

வில்லியனூர்: லேசான சளிதான், நாளை பயணம்...
முதல் பதிலைப் படியுங்கள் அம்மா.

தேவனாம்பட்டினம்: மச்சானிடம் கேட்டேன். அன்று ராத்திரி முழுக்கத் தோள்பட்டை வலித்ததாம். அதுவும் இதுதானா அண்ணே?
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா தம்பி! இதுவாகவே இருக்கலாம். இன்னும் வலி இருந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொல். முங்கியதையும் பறந்ததையும் மறைக்காமல் சொல்லட்டும்.