எட்டாம் வகுப்பு வரலாறும் கட்டாய சுலோகமும்: வழக்குப் போடலாமா?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் முஸ்லிம்கள். புதிய சமூக அறிவியல் புத்தகத்தில் முகலாயர் பாடம் நடந்தபோது ஒரு பையன், "உங்க ஆளுங்கதானே கோயிலை இடிச்சாங்க?" என்று கேட்க, ஆசிரியரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். போதாததற்குப் பள்ளியே 'பண்பாட்டுக் கல்வி' என்று ஒரு தனியார் பதிப்பகப் புத்தகத்தை வாங்கவைத்து, அதிலுள்ள சுலோகங்களை ஒப்பித்தால்தான் அகமதிப்பீட்டு மதிப்பெண் என்கிறது. வரலாற்றுப் புத்தகத்தையே மாற்றச் சொல்லி வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம் சகோதரி, ஆனால் தோற்பீர்கள். உங்கள் கோபம் முழுக்க, பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் தேசிய அமைப்பான என்சிஇஆர்டியின் வரலாற்றுப் புத்தகத்தின் மேல் இருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம் பலமாக நிற்பதோ அந்தச் சுலோகப் புத்தக விஷயத்தில்.

வரலாற்றுப் பாடத்தில் எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. பள்ளிகளில் என்ன கற்பிப்பது என்று வகுத்து 2000-இல் வந்த தேசியக் கலைத்திட்டம் கல்வியைக் காவிமயமாக்குகிறது என்று சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2002 செப்டம்பரில் மனு தள்ளுபடியானது. மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு, மதபோதனை வேறு. அரசமைப்புச் சட்டம் அரசுப் பள்ளிகளில் தடுப்பது இரண்டாவதைத்தான் என்றது தீர்ப்பு. எதிர்த்தரப்புக்கும் இதே கதிதான். தாஜ்மகால் பற்றிய தகவல்கள் தவறு என்று சொல்லி, அவற்றைப் பாடநூல்களிலிருந்து நீக்கக் கோரிய மனுவை 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வரலாற்றைத் திரும்பக் கிளறுவது தங்கள் வேலையல்ல என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: அடிப்படை உரிமை வழக்கு பெரும்பாலும் 'அரசு' மீதுதான் போட முடியும்; என்சிஇஆர்டியோ அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் பொருளில் 'அரசு' அல்ல என்று 1991-லேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. மத்திய அரசையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தால் அதைத் தாண்டலாம், பலன் மாறாது. அருணா ராய் வழக்கில் தப்பிய கலைத்திட்டத்தின் கதி என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2004-இல் ஆட்சி மாறியது, 2005-இல் புதிய கலைத்திட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் வரலாற்றுப் புத்தகத்தை மாற்றுவது பெரும்பாலும் வாக்குச்சீட்டுதான்.

அதற்காகப் புத்தகத்தை அப்படியே தள்ளிவைத்துவிடாதீர்கள். 2025 ஜூலையில் வந்த அந்தப் புத்தகம் பாபரின் படுகொலைகளையும் ஔரங்கசீப் இடித்த கோயில்களையும் பேசுகிறது. கூடவே ஒரு குறிப்பும் கொடுத்திருக்கிறார்கள்: கடந்த காலத்தில் நடந்தவற்றுக்கு இன்று இருக்கும் யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, ஆசிரியர்மீது எழுதும் புகாரோடு இணையுங்கள். அவர் நடத்தும் புத்தகமே அவருக்கு எதிராகப் பேசும். பிள்ளையை மன ரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. முதல்வருக்குக் கொடுத்துப் பலனில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்புங்கள். ஒரு சிரிப்புக்காக யாரும் வேலையை இழக்கப்போவதில்லை, இழக்கவும் வேண்டாம். வகுப்பில் அது மறுபடி நடக்காமல் இருக்க எழுத்தில் ஒரு பதில் கிடைத்தால் போதும்.

இப்போது சுலோகப் புத்தகத்துக்கு வருவோம். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி தனியார் பள்ளியாகவே இருந்தாலும், மாணவரை அவர் சம்மதமின்றி, மைனர் என்றால் பெற்றோர் சம்மதமின்றி, மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. இது அரசமைப்புச் சட்டத்தின் 28(3). "இது மதமில்லை மேடம், பண்பாடு" என்று பள்ளி சொல்லும். ஒரு மகானின் வாழ்க்கையையோ ஒரு காப்பியத்தின் கதையையோ படிக்கச் சொன்னால் அந்த வாதம் எடுபடும். வேற்று மதப் பிள்ளையைத் துதி ஒப்பிக்கவைத்து, அதற்கு மதிப்பெண்ணும் போடும்போது அவ்வளவு சுலபமாக எடுபடாது.

கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது. சிபிஎஸ்இ இணைப்பு விதிகளின்படி, பள்ளி தான் பரிந்துரைக்கும் புத்தகங்களின் பட்டியலை இணையதளத்தில் போட வேண்டும். அவற்றின் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்த்தோம், பொறுப்பேற்கிறோம் என்று மேலாளரும் முதல்வரும் கையெழுத்திட்ட உறுதிமொழியும் அதோடு இருக்க வேண்டும். இன்று ராத்திரியே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இந்தப் புத்தகம் பட்டியலில் இல்லையென்றால் விதிமீறல். இருந்தால், கையெழுத்திட்டவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். எதுவானாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகாருக்கு அப்புறம் அந்தப் பக்கம் மாறிவிடக்கூடும்.

பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: என் மகள் இந்த வகுப்பில் பங்கேற்க எனக்குச் சம்மதமில்லை, அதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது. அவ்வளவுதான், முகலாயர் பேச்சே அதில் வர வேண்டாம். நகலில் பள்ளி சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பள்ளி பதில் எழுதுவதற்குள் அது மதச் சண்டையாகிவிடும், நடுவில் மாட்டுவது உங்கள் மகள்தான். இரண்டு வாரத்தில் பதில் வரவில்லையென்றால் சிபிஎஸ்இ மண்டல அலுவலகத்துக்குப் புகார் அனுப்புங்கள். அங்கேயும் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தால், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதன் பிறகே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. அப்போது நீங்கள் கேட்பது புத்தகத் தடை அல்ல, புகாரின்மேல் நடவடிக்கை எடுக்க சிபிஎஸ்இக்கு உத்தரவு. நீதிபதிகள் தயங்காமல் தரக்கூடியது இது.

"டிசி வாங்கிக்கிட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. வாய்ப்பேச்சாகச் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லி அன்றைக்கே முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.