குவில்ட் தைக்க எந்த மிஷின் வாங்கலாம்?

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"அக்கா, வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். மாமியார் தந்த கறுப்பு கால் மிஷின்தான் இன்னும் ஓடுகிறது. வெட்டிப்போட்ட பிட்டுத் துணி ரெண்டு சாக்கு சேர்ந்துவிட்டது. அதையெல்லாம் ஒட்டுப் போட்டு குவில்ட் போர்வை தைக்க ஆசை. 25,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். கடைக்காரர் நூறு வகைத் தையல் விழுகிற கம்ப்யூட்டர் மிஷினைக் காட்டுகிறார். அண்ணன் கம்பெனிகளில் ஓடுகிற பவர் மிஷின் வாங்கச் சொல்கிறான். அமெரிக்காவில் இருக்கும் மதினி தன்னிடம் இருப்பதைக் கொடுத்து அனுப்புகிறேன் என்கிறார். எதை எடுப்பது?"

இப்போதைக்கு எதையும் எடுக்க வேண்டாம், தங்கச்சி. முதலில் அந்தக் கறுப்பு மிஷினிலேயே ஒரு தொட்டில் பிள்ளைக்கு ஆகிற அளவில், சுமார் 36 அங்குலத்துக்கு 36 அங்குலம், ஒரு குவில்டை முழுசாகத் தைத்து முடியுங்கள். எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்று அப்போது தெரிந்துவிடும். அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கிற மிஷினுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

குவில்ட் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வருகிற இரண்டு வேலை. முதலில் துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்குகிறோம். அப்புறம் மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் அடுக்கி ஊடே தைக்கிறோம். இரண்டுக்கும் தேவை நேர்த்தையல்தான். நூறு வகைத் தையலில் தொண்ணூற்றெட்டை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

துண்டு இணைக்கிற வேலையில் உங்கள் கறுப்பு மிஷினை மிஞ்சுவது கஷ்டம். அது நேர்த்தையல் மட்டுமே போடும் என்பதால், ஊசி இறங்குகிற தட்டில் ஒரு சின்ன வட்டத் துளைதான் இருக்கும். ஜிக்ஜாக் மிஷினில் ஊசி இடமும் வலமும் போக வேண்டும், அதனால் துளை நீளமாக இருக்கும். சின்ன முக்கோணத் துண்டின் முனையை வைத்துத் தைக்க ஆரம்பித்தால், அந்த நீளத் துளை முனையை உள்ளே இழுத்து நூலோடு சுருட்டிவிடும். வட்டத் துளையில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

பிளவுஸ் தைத்துப் பழகிய கைக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிளவுஸில் தையலுக்கு விடுகிற துணி முன்னே பின்னே இருந்தால் பிரித்துச் சரிசெய்யலாம். குவில்டில் எல்லாத் தையலும் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு வரிசையில் 10 கட்டம் என்றால் 9 தையல். ஒவ்வொரு தையலும் 1 மில்லிமீட்டர் உள்ளே போனால் இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து 2 மில்லிமீட்டர் குறையும். வரிசை முடியும்போது 18 மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசை சரியாக வந்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்? அதனால் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மிஷின் பலகையில் பிளாஸ்டர் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த மேட்டை உரசியபடி போகட்டும். கால் அங்குல ஃபுட், அதாவது துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற பாதம், தனியாகவே கிடைக்கும், ஆனால் டேப்பே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். தையல் நீளம் அங்குலத்துக்கு 10 முதல் 12 வரை இருக்கட்டும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் மிஷினின் குணம் வெளியே வரும். துணியை நகர்த்துவது கீழே இருக்கிற பல். அது அடித்துணியை மட்டும்தான் பிடித்துத் தள்ளும். மேலே ஃபுட் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கும். பிளவுஸில் இரண்டு மெல்லிய துணி ஒட்டிக்கொண்டே போய்விடும். நடுவில் பஞ்சு வந்தால் அடித்துணி முன்னால் ஓட, மேல்துணி பின்தங்கி முடிச்சு முடிச்சாகச் சுருங்கும். "மிஷின் சரியில்லை" என்று பலர் முடிவு செய்வது இந்த இடத்தில்தான். இதற்கு வாக்கிங் ஃபுட் என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தனிப் பல் உண்டு. ஊசியைப் பிடிக்கிற திருகின்மேல் அதன் கை உட்கார்ந்திருக்கும். ஊசி ஏறி இறங்க, அதுவும் மேல்துணியைக் கீழ்ப்பல்லோடு சேர்த்து நகர்த்தும். மிஷின் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் மிஷினில் இப்போது இருக்கிற ஃபுட்டைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, திருகு மாட்டுகிற இடத்தின் உயரம் ஒன்றா என்று பாருங்கள். வீட்டு மிஷின்களுக்கும் பவர் மிஷின்களுக்கும் அது வேறுபடும். மாட்டிய பிறகு வேகமாக மிதிக்காதீர்கள். தையலை அங்குலத்துக்கு 8 முதல் 10 என்று கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள்.

கால் மிஷினை நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இந்த நிதானம். ஒவ்வொரு தையலாக மிதிக்கலாம், மூலையில் நிறுத்தி ஊசியைத் துணிக்குள்ளேயே விட்டுவிட்டுத் திருப்பலாம். புது மிஷின்களில் பணம் கொடுத்து வாங்குகிற வசதி அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போனாலும் உங்கள் வேலை நிற்காது.

வளைவும் கொடியுமாகத் தைக்க ஆசை வந்தால் பல்லை இறக்க வேண்டும். நம் பக்கத்தில் இதே கறுப்பு மிஷினில் வளையம் போட்டு எம்பிராய்டரி செய்யப் பழகிய பெண்கள் நிறைய இருக்கிறார்கள். குவில்டின் வளைவுத் தையலும் அதே கைவேலைதான், துணியைக் கை நகர்த்தும், மிஷின் ஊசியை மட்டும் ஓட்டும். உங்கள் மிஷினில் பல்லை இறக்க வழி இல்லையென்றால் தையல் நீளத்தை ஜீரோவில் வைத்து, பல்லை மூடுகிற தட்டு ஒன்றைப் போட்டால் போதும். முதல் குவில்டில் இது வேண்டாம், நேர்க்கோடு மட்டும் போடுங்கள்.

அடுத்தது இடம். இது ஒன்றுதான் கறுப்பு மிஷினின் உண்மையான குறை. ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் டேப் வைத்துப் பாருங்கள், ஆறரை முதல் ஏழு அங்குலம் இருக்கும். ஒற்றைக் கட்டில் போர்வை 60 அங்குல அகலம் என்று வையுங்கள். நடுவிலிருந்து தைக்க ஆரம்பிக்கும்போது பாதி, அதாவது 30 அங்குலத் துணி அந்த ஏழு அங்குலச் சந்துக்குள் அடங்க வேண்டும். பத்தமடைப் பாயைச் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி உள்ளே விட்டால் மெல்லிய குவில்ட் அடங்கும், மொத்தமானது அடங்காது. அடங்கினாலும் போர்வையின் பாரம் மேசைக்குக் கீழே தொங்கி ஊசியை இழுக்கும். மிஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் ஒரு மேசையைச் சேர்த்துப் போடுங்கள். ஊசி உடைவது குறையும். இன்னொரு வழியும் இருக்கிறது. குவில்டைப் பட்டை பட்டையாகப் பஞ்சோடு தைத்து முடித்துவிட்டு, கடைசியில் பட்டைகளை ஒன்றோடொன்று இணைக்கலாம். இரட்டைக் கட்டில் போர்வையைக்கூட இப்படிச் சின்ன மிஷினில் தைத்துவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் மிஷினைச் சர்வீஸ் செய்யுங்கள். வீட்டு மிஷின்களில் அடிக்கடி பார்ப்பது தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசின் பிடித்துப்போன ஷட்டில், அதாவது கீழ்நூல் பாபின் உட்காருகிற பாகம். இறுகிக் கிடந்தால் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு ஓட்டி அழுக்கை இளக்கி, துடைத்துவிட்டு, தையல் மிஷினுக்கென்றே விற்கிற வெள்ளை எண்ணெய் விட வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். துண்டு இணைக்க 14 நம்பர் ஊசி, மூன்று அடுக்குக்கு 16 நம்பர். எட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள், முனை மழுங்கியது கண்ணுக்குத் தெரியாது. பஞ்சு தைக்கும்போது தூசி கொட்டும், ஒவ்வொரு பாபின் தீரும்போதும் பிரஷ்ஷால் ஷட்டிலைத் தட்டிவிடுங்கள். நூலைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பாபநாசத்துத் தண்ணீரில் ஆலை ஓட்டி நூல் நூற்ற ஊர்க்காரர் நீங்கள். பருத்தித் துணிக்கு நல்ல பருத்தி நூலோ ஸ்பன் பாலியெஸ்டர் நூலோ போதும், மேலும் கீழும் ஒரே நூலாக இருக்கட்டும்.

சரி, தொட்டில் குவில்ட் முடிந்தது, ஆசையும் குறையவில்லை. இனி வாங்கலாம்.

கடைக்காரர் காட்டுகிற கம்ப்யூட்டர் மிஷினில் பயனுள்ளவை இரண்டு: நிறுத்தும்போது ஊசி கீழேயே நிற்கும், வேகத்தை ஒரு அளவில் கட்டி வைக்கலாம். மற்றபடி தையல் எண்ணிக்கைக்குத்தான் விலை. சர்க்யூட் பலகை போனால் உள்ளூர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. மின்சாரம் ஏறி இறங்குகிற வீட்டில் ஸ்டெபிலைசரும் வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அமெரிக்க மிஷினை மதினியிடம் அன்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் மோட்டாரோ பலகையோ எரிந்துவிடும். தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் உதிரிப் பாகத்துக்கும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் நல்ல வட்டக் கத்தி, வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கிற பச்சைப் பாய், 24 அங்குலக் கண்ணாடி ஸ்கேல் இந்த மூன்றையும் கேளுங்கள். துண்டு சரியாக வெட்டியிருந்தால் பாதிக் குவில்ட் முடிந்த மாதிரி.

அண்ணன் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. பவர் மிஷினில் ஊசிக்கு வலப்பக்கம் பத்து அங்குலத்துக்கு மேல் இடம் இருக்கும், பெரிய மேசை கூடவே வரும், முழங்காலால் ஃபுட்டைத் தூக்கலாம். இரண்டு கையும் துணியைவிட்டு எடுக்க வேண்டாம், குவில்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் அது நிமிஷத்துக்கு 4,000, 5,000 தையல் போட்டுத் தள்ள, கம்பெனி வேலைக்குச் செய்தது. பல்லைச் சட்டென்று இறக்க முடியாது, ஜிக்ஜாக் கிடையாது, வீட்டு மிஷின் ஃபுட்டும் ஊசியும் இதற்குச் சேராது. பிளவுஸ் ஆர்டர் பெருகி, அதையும் சேர்த்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். மிதிக்கும்போது மட்டும் சுற்றுகிற சர்வோ மோட்டார் உள்ளதாக, வேகத்தைக் குறைத்து வைக்கக்கூடியதாகப் பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார் வேண்டாம், சும்மா இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே கரண்ட் இழுக்கும்.

குவில்ட்தான் முக்கியம் என்றால் என் தேர்வு, உங்கள் தொகைக்குள் வருகிற சாதாரண ஜிக்ஜாக் மிஷின். அதில் நாலு விஷயம் கேளுங்கள். பல்லை இறக்க லீவர் இருக்கிறதா? ஃபுட் அழுத்தத்தைக் குறைக்க முடியுமா? உள்சட்டம் இரும்பா, தூக்கிப் பார்த்தால் கனம் தெரிகிறதா? வாக்கிங் ஃபுட்டும் அகலப் பலகையும் அந்த மாடலுக்குக் கிடைக்குமா? பெட்டியில் ஹெவி டியூட்டி என்று அச்சடித்திருப்பதை நம்பி எடுக்காதீர்கள். துணி ஒட்டு வேலைக்கு, அதாவது பூ, இலை வெட்டி வைத்து ஓரம் கட்ட, ஜிக்ஜாக் நன்றாகவே உதவும். துண்டு இணைப்பைக் கறுப்பு மிஷினிலேயே தொடருங்கள். அதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட வேண்டாம். சில ஆயிரம் குறைகிறதே என்று கொடுத்தால் அப்படி இரும்பில் வார்த்த மிஷின் திரும்பக் கிடைக்காது. ஜூகி கம்பெனியின் டிஎல் (TL) வகைபோல எட்டரை அங்குல இடமுள்ள, நேர்த்தையல் மட்டும் போடுகிற மிஷின்கள் குவில்டுக்கென்றே பேர் பெற்றவை. அவை உங்கள் தொகைக்கு மேலே. போர்வை விற்றுக் காசு பார்த்த பிறகு யோசிக்கலாம்.

திருநெல்வேலி டவுனுக்கோ பாளையங்கோட்டைக்கோ கடைக்குப் போகும்போது வீட்டிலேயே அடுக்கி ஊக்குக் குத்திய ஒரு சாண் குவில்ட் துண்டைக் கொண்டு போங்கள். கடைக்காரர் தருகிற ஒற்றைக் காடாத் துணியில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். நாலு தையல் கூடுகிற தடித்த இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள், கைச்சக்கரத்தைத் தொடாமல் ஏறி இறங்குகிறதா பாருங்கள். மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டால் டென்ஷன் கோளாறு, அதாவது நூலின் இறுக்கம் சரியில்லாதது, உடனே புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பிட்டுத் துணிச் சாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பருத்தியைத் தனியாகவும் பாலியெஸ்டர், சில்க் லைனிங் பிட்டுகளைத் தனியாகவும் பிரியுங்கள். ஒன்றாகத் தைத்தால் இஸ்திரிச் சூட்டில் ஒன்று சுருங்க, மற்றது சுருங்காது. அரக்கு, கருநீலம், சுங்குடி எல்லாவற்றையும் முதலிலேயே தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா பாருங்கள். நடு அடுக்குக்கு இலவம் பஞ்சு வேண்டாம், உதிரியாக இருப்பதால் மூலைக்கு ஓடிவிடும். நம் ஊர் வெயிலுக்கு மொத்தமான பாலியெஸ்டர் பஞ்சும் ஆகாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சங்கரன்கோவில் காட்டன் சேலையையோ பழைய வேட்டியையோ இரண்டு மடிப்பாக வையுங்கள், இல்லையென்றால் மெல்லிய பருத்தி விரிப்பு. நாலு அங்குலத்துக்கு ஒரு ஊக்குக் குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு போங்கள்.

புது மிஷின் வாங்கினால் பில்லில் மாடல் நம்பரும் சர்வீஸ் யார் செய்வார்கள் என்பதும் எழுதி வாங்குங்கள். விக்கிரமசிங்கபுரத்துக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ மெக்கானிக் நேரில் வருவாரா, நீங்கள் திருநெல்வேலி வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். விலையில் ஆயிரம் ரூபாய் கூடினாலும் வீட்டுக்கு வந்து பார்க்கிற கடையிலேயே எடுங்கள்.