திரைப்படத்தில் வரும் கால்பந்து ஏன் உண்மையான ஆட்டம் போல இருப்பதில்லை?

குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை பக்கத்துக் கடற்கரையில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. முதல் காரணம் கேமரா. கால்பந்தின் உயிர் பந்தில் இல்லை, பந்து இல்லாத இடத்தில் இருக்கிறது. 90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் அவர் இடம் தேடி ஓடுகிறார், எதிரணியினரை இழுத்துக்கொண்டு போய் நண்பனுக்கு வழி திறக்கிறார். கேமரா நாயகனின் முகத்தையும் காலையும் நெருங்கியவுடன் இதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது.

கபடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு ரெய்டு 30 விநாடி. ஒருவர் ஏழு பேரை எதிர்கொள்கிறார். குத்துச்சண்டையில் இருவர், ஒரு மேடை. இரண்டுமே பிறவியிலேயே நாடகக் காட்சிகள்.

அடுத்தது உடல். மணலில் வெறுங்காலோடு பல ஆண்டுகள் ஓடிய கணுக்காலை நடிகர் சில மாதப் பயிற்சியில் பெற முடியாது. அதை மறைக்கத்தான் காட்சியின் வேகத்தைக் குறைப்பதும் (ஸ்லோ மோஷன்), துண்டு துண்டாக வெட்டிச் சேர்ப்பதும்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. அதே கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் என்ற வீரர் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துத் தொடர் வரை போனார். தமிழ்ப் படங்களின் கால்பந்தோ பெரும்பாலும் வடசென்னையிலேயே நின்றுவிடுகிறது. கடலுக்குப் போய்த் திரும்பிய கையோடு மாலையில் பந்தாடும் எங்கள் இளைஞர்களின் கதையை யாராவது தூரத்துக் கேமரா வைத்து, பொறுமையாக எடுக்க வேண்டும்.