பையில் இரண்டு மடக்குக் கத்திகள் எதற்கு?

மடக்குக் கத்தியைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். இருந்தும் தினமும் கால்சட்டைப் பையில் ஒன்று, தோள்பையில் ஒன்று என இரண்டு மடக்குக் கத்திகளோடு புறப்படுகிறார். கேட்டால், "ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது" என்கிறார். இதில் நியாயம் இருக்கிறதா, அல்லது வெறும் ஆசையா?

பதில்: ஆசை கொஞ்சம் இருக்கும்; ஆனால் நியாயமும் இருக்கிறது. மேசை வேலை செய்பவர் ஒரு நாளில் எவற்றையெல்லாம் வெட்டுகிறார் என்று பாருங்கள்: பார்சலில் ஒட்டிய நாடா, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கட்டுப்பட்டை, பிறகு மதிய உணவுக்குப் பின் ஒரு பழம். நாடாவை அறுத்த அலகில் அதன் பசை ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பசையில் பெட்டியின் தூசி படிகிறது. அதே அலகு சற்று நேரத்தில் ஆப்பிளுக்குள் இறங்குகிறது. இந்தப் பசை தண்ணீரில் கழுவினால் போவதில்லை. ஆல்கஹாலோ எண்ணெயோ தொட்டுத் துடைக்க வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் யாரும் செய்வதில்லை. அதே அலகால் நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, கடலை ஒவ்வாமை உள்ளவருக்குப் பழம் நறுக்கிக் கொடுப்பதாக இருந்தால், இது அருவருப்பை மட்டும் பொறுத்த விஷயமாக இருக்காது, ஆபத்தாகவே முடியலாம். ஆகவே உண்ணும் பொருளுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று என்ற பிரிவினைதான் இரண்டு கத்திகள் வைத்திருப்பதற்கு மிக வலுவான காரணம்.

அடுத்த காரணம் கூர்மையைப் பற்றியது. பழத்தையும் காகிதத்தையும் இழுத்தவுடன் அறுக்க வேண்டுமானால், விளிம்பு மெல்லியதாக, பக்கத்துக்குச் சுமார் 15 பாகைச் சாய்வில் சாணை பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய விளிம்பைக் கொண்டு கட்டுப்பட்டையை நெம்பினாலோ கம்பியில் தட்டினாலோ, அது மடிந்துவிடும் அல்லது சிறு சில்லுகளாக உதிரும். முரட்டு வேலைக்கு 20 முதல் 25 பாகை வரையிலான தடித்த விளிம்புதான் தாங்கும். ஆனால் அது தக்காளியின் தோலில் வழுக்கும். பார்வைக்கு மென்மையான அட்டைப்பெட்டி, கத்தியைப் பொறுத்தவரை மென்மையானதே அன்று. இழைகளோடு கலந்திருக்கும் கனிமத் துகள்கள் அலகை வேகமாக மழுக்குகின்றன. ஒரே கத்தியை இரு வேலைக்கும் வைத்திருப்பவர், இரண்டுக்கும் அரைகுறையான கூரோடு காலம் தள்ளுகிறார், அல்லது வாரந்தோறும் சாணைக்கல்லின் முன் உட்காருகிறார்.

மூன்றாவது காரணத்தைப் பலர் நினைப்பதில்லை. வலக்கையால் இழுபடும் கயிற்றையோ சரியும் மூட்டையையோ பிடித்துக்கொண்டிருக்கும்போது, வலப்பக்கப் பையில் இருக்கும் கத்தியை இடக்கையால் எடுப்பது பெரும்பாடு. இரு பக்கமும் ஒவ்வொன்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மேலும், உறையைப் பிரிப்பதற்காக நீளமான அலகைச் சடக்கென்று விரித்தால் பக்கத்து இருக்கைக்காரர் நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொள்வார். விரல் நீளக் கத்தியைப் பார்த்து எவரும் அஞ்சுவதில்லை.

"ஒன்று தொலைந்தால் மற்றொன்று" என்ற காரணத்தை உங்கள் கணவர் சொன்னால் மட்டும் ஏற்க வேண்டாம். படகிலோ காட்டிலோ, கைதவறி விழுந்த கத்திக்கு மாற்று கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கு அது பொருந்தும். மேசை இழுப்பறையில் கத்தரிக்கோல் வைத்திருப்பவருக்குப் பொருந்தாது. அவர் மூன்றாவது கத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், அதை ஆசைக் கணக்கில் எழுதிவிடலாம்.

கேள்வி: இரண்டு கத்திகளுக்குப் பதிலாகப் பல அலகுகள் உள்ள ஒரே கத்தி போதாதா?

பதில்: இந்தச் சிந்தனை பழையது. சுவிட்சர்லாந்துப் படைக்கு 1891-இல் கார்ல் எல்செனர் வழங்கிய வீரர் கத்தியில் அலகு, துளையிடும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி என நான்கு கருவிகள் இருந்தன. 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் புதிதாகச் சேர்ந்தவற்றுள் ஒன்று இரண்டாவதான ஒரு சிறிய அலகு என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய அலகு ஒன்று மட்டும் போதாது என்பதை அவரும் உணர்ந்திருந்தார். கால்நடை வளர்ப்போர் பயன்படுத்திய மூன்று அலகுக் கத்திகளும் இதே எண்ணத்தில் பிறந்தவைதான்: கூர்முனை அலகு ஒன்று, முனை மழுங்கிய நேர்விளிம்பு அலகு ஒன்று, வளைந்த அலகு ஒன்று.

எனவே கனம் குறைய வேண்டும் என்பவருக்கு இது நல்ல வழி. ஆனால் குறைகளும் உண்டு. எல்லா அலகுகளும் ஒரே கூட்டுக்குள் மடங்குவதால், ஒன்றில் ஒட்டிய பசையும் பஞ்சும் உள்ளே தங்கி, சுத்தமாக வைத்திருக்க நினைத்த அலகிலும் ஏறிவிடுகின்றன. குறட்டால் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டே அதன் மேலுறையைச் சீவ வேண்டுமென்றால், குறடும் அலகும் ஒரே கைப்பிடியில் இருப்பது உதவாது. டிம் லெதர்மேன் 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததைப் போன்ற குறடு பொருத்திய கருவியை வைத்திருப்பவர்கள் பலர் கூடவே தனியாக ஒரு கத்தியும் வைத்திருப்பது இதனால்தான்.

கேள்வி: இரண்டு வாங்குவதென்றால் எப்படிப்பட்டவற்றை வாங்குவது?

பதில்: ஒரே மாதிரி இரண்டு வாங்குவது வீண். உணவுக்கானது சிறியதாக, மெல்லிய அலகோடு, துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். குரோமியம் சேராத கார்பன் எஃகு அருமையாகக் கூரேறும். ஆனால் பழத்தின் புளிப்பு பட்டதும் கறுக்கும், நறுக்கிய துண்டில் உலோகச் சுவையையும் விடும். கூட்டைத் திறந்து கழுவ எளிதாக இருப்பதும் முக்கியம்.

முரட்டு வேலைக்கான கத்தியில், விரிந்த அலகை மடங்காமல் நிறுத்தும் பூட்டு வேண்டும். வில்லின் (ஸ்பிரிங்கின்) அழுத்தத்தால் மட்டும் விரிந்து நிற்கும் அலகு, முனையால் குத்தும்போதோ சிக்கியதை இழுக்கும்போதோ விரல்மேல் மடங்கக்கூடும். பிரான்சின் ஓப்பினெல் கத்திகளில் 1955 முதல் வந்த சுழலும் வளையம் போன்ற எளிய பூட்டே போதுமானது. கயிறு அடிக்கடி அறுப்பவராக இருந்தால் அலகில் ஒரு பகுதி பல் வெட்டியதாக இருக்கலாம். ஆனால் பல் வெட்டிய விளிம்பைச் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது என்பதை முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: நான் தோட்ட வேலை செய்பவன். ஒட்டுக் கட்டும் கத்தியாலேயே சணலையும் உரப்பையையும் அறுக்கலாமா?

பதில்: கூடாது. ஒட்டுக் கட்டும் வெட்டு ஒரே இழுப்பில் சமமாக விழ வேண்டும். அப்போதுதான் இரு தண்டுகளின் பச்சைப் படலமும் இடைவெளியின்றிப் பொருந்தும். இதற்காகவே ஒட்டுக் கத்திகள் பலவற்றில் அலகின் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்படுகிறது. உரப்பையின் மண்துகளும் சணலின் முரட்டு இழையும் அந்த விளிம்பைக் கெடுத்துவிட்டால், வெட்டு பிய்ந்து ஒட்டு காய்ந்துபோகும். அதைவிடப் பெரிய கேடு, நோயுற்ற செடியின் சாறு அலகோடு அடுத்த செடிக்குப் போவது. ஒட்டுக் கத்தியைச் செடிக்குச் செடி 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, அதை வேறெதற்கும் எடுக்காமல் இருங்கள். இந்தப் பத்தியில் வந்த அத்தனை பேரிலும் இரண்டாவது கத்தி உண்மையிலேயே கட்டாயமாவது உங்களுக்குத்தான்.

கேள்வி: கத்தியை இரவல் கேட்பவர்களிடம் எப்படி மறுப்பது?

பதில்: மறுக்க வேண்டாம், முரட்டுக் கத்தியைக் கொடுங்கள். வாங்குபவர் அதைத் திருப்புளியாகப் பயன்படுத்தி முனையை ஒடித்தாலும் உங்கள் நல்ல கத்தி பத்திரமாக இருக்கும்.

கேள்வி: இரண்டு கத்திகளோடு வெளியூர் போவதில் சட்டச் சிக்கல் உண்டா?

பதில்: எண்ணிக்கையைவிட அலகின் நீளமும் பூட்டும்தான் பல நாடுகளில் கணக்கில் வருகின்றன. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தனிக் காரணம் தேவையில்லை. பூட்டு உள்ளது என்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். நான் மேலே சொன்ன இரண்டில் உணவுக்கான சிறிய கத்தி, பூட்டில்லாததாக இருந்தால், அங்கே தடையின்றிப் போகும், பூட்டுள்ள முரட்டுக் கத்தி தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே போகலாம். விமானத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013 மார்ச்சில் மிகச் சிறிய கத்திகளைக் கைப்பையில் அனுமதிக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததால் ஜூன் மாதத்திலேயே அதைக் கைவிட்டது. இரண்டையும் துணியில் சுற்றி, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் முந்தைய இரவே வைத்துவிடுங்கள். சோதனை வரிசையில் நினைவுக்கு வரும் கத்தி பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை.